இடுப்பு மூட்டு மாற்று: முடிவெடுக்கும் முன் நான் தெரிந்துகொண்டவை

இடுப்பு மூட்டுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன் என்றதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி மூட்டு வச்சாங்க?" அடுத்தது, "எவ்வளவு ஆச்சு?" மூட்டு எதனால் கெட்டது, எந்த அளவுக்குக் கெட்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஆபரேஷன் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக அந்த இரண்டும்தான். கம்பெனி பெயரெல்லாம் அதற்கு வெகு பின்னால் வரும் விஷயம். நான் டாக்டர் இல்லை, திருச்சியில் பள்ளி ஆசிரியை. என் மூட்டுக்காகப் படித்ததும் கேட்டதும் பட்டதும் இங்கே இருக்கின்றன. வலியோடு ஒவ்வொரு டாக்டராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும்.

எனக்கு வலது பக்கம். ஐம்பதைத் தாண்டிய பிறகு வலி தொடங்கியது, அதுவும் முழங்காலில். வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது முட்டியின் உள்பக்கம் பிடித்து இழுக்கும். முட்டிக்கு எக்ஸ்ரே, முட்டிக்கு பெல்ட், முட்டிக்கு பிசியோ என்று மாதங்கள் ஓடின. முட்டியில் ஒன்றுமே இல்லை. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகள் பொதுவானவை என்பதால் மேலே இருக்கும் கோளாறு கீழே வலியாகத் தெரிவது சகஜமாம். இடுப்பு மூட்டின் சொந்த வலி பெரும்பாலும் கவட்டையில் வரும். தொடை உடம்போடு சேரும் முன்பக்க மடிப்பில். பின்னிடுப்பில் மட்டும் வலித்தால் அது முதுகெலும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முட்டி வலிக்கு வைத்தியம் பார்த்தும் குறையவில்லை என்றால், இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாக என்னைப் பார்த்த எலும்பு டாக்டர், படத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்டது இதுதான்: "உங்க வலது கால் நகத்தை யாரும்மா வெட்டி விடறாங்க?" என் மகள் என்றேன். "செருப்பு வார் மாட்டக் குனிய முடியுதா?" முடியவில்லை. படுக்க வைத்து முட்டியை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளினார். கவட்டையில் சுரீர் என்றது. மூட்டு உள்நோக்கித் திரும்பவே இல்லை. பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். வலது பாதத்துக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் என் இடுப்பெலும்பின் இரண்டு மேல் விளிம்புகளிலும் கை வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் பலகைகளின் உயரத்தை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர். அவ்வளவு கால் குட்டையாகியிருந்தது. புடவைக் கொசுவம் ஒரு பக்கம் மட்டும் தரையில் இழுபடுவதற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

எக்ஸ்ரே இரண்டு இடுப்பு மூட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்தது. இடது பக்கம் தொடையெலும்பின் தலையான பந்துக்கும், இடுப்பெலும்பில் அது உட்காரும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளி, அதுதான் குருத்தெலும்பு இருக்கும் இடம். வலது பக்கம் அது இல்லை. எலும்பு எலும்போடு ஒட்டி நின்றது. ஓரங்களில் முள்முள்ளாக வளர்ச்சி, உள்ளே சிறு சிறு ஓட்டைகள். டாக்டர் பேனாவால் இன்னொன்றையும் காட்டினார். கிண்ணத்தின் மேல்கூரை சரிவாக, ஆழமில்லாமல் இருந்தது. பிறவியிலேயே அப்படியாம். ஆட்டுக்கல்லில் குழி ஆழமில்லாவிட்டால் குழவி நடுவில் நிற்காமல் விளிம்பில் ஏறி அரைக்கும், விளிம்புதான் தேயும். என் மூட்டில் நடந்தது அதுவே. உடம்பின் பாரம் முழுவதும் ஒரு சிறு இடத்தில் விழுந்து, மற்றவர்களுக்கு எழுபதில் வரும் தேய்மானம் எனக்கு ஐம்பதில் வந்துவிட்டது. இந்தப் பிறவிக் கோளாறு பெண்களிடம்தான் அதிகம்.

எதனால் கெட்டது என்பது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. என் நாத்தனார் மகனுக்கு முப்பது சொச்சம் வயதுதான். தோல் நோய்க்கு நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவன். அவனுக்கு வந்தது தேய்மானம் இல்லை, பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது. ஏ.வி.என். என்பார்கள். ஸ்டீராய்டு, மது, இடுப்பில் அடிபட்டு எலும்பு முறிவது, அரிவாள் செல் ரத்தசோகை ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். கோவிட் சமயத்தில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட சிலருக்கும் பிறகு இது வந்தது. பல பேருக்கு இரண்டு பக்கமும் வரும். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். பந்து உள்ளே நொறுங்கி அமுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்து, சில சமயம் எலும்புத் துகளும் வைத்து, சொந்த மூட்டையே காப்பாற்றப் பார்க்கலாம். அவனுக்கு ஒரு பக்கம் அப்படிச் செய்ய முடிந்தது. மறுபக்கம் ஏற்கெனவே அமுங்கிவிட்டதால் முழு மூட்டு மாற்றுதான். ஒரே ஆள், ஒரே நோய், நிலை வேறு என்பதால் சிகிச்சையும் வேறு.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வாய்ப்பு இருந்திருக்கிறது. கிண்ணத்தைச் சுற்றி இடுப்பெலும்பை வெட்டி, சரியான கோணத்துக்குத் திருப்பி, திருகாணி போட்டு நிறுத்தும் ஆபரேஷன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற டாக்டர் 1984-ல் தொடங்கியது. குருத்தெலும்பு நன்றாக இருக்கும் இளவயதில்தான் அதற்குப் பலன். எலும்போடு எலும்பு உரசத் தொடங்கிய பிறகு கோணத்தைத் திருப்பி என்ன பயன்? ஆனால் இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் இருபது, இருபத்தைந்து வயதுப் பெண் யாராவது கவட்டை வலி என்கிறாளா, சாய்ந்து சாய்ந்து நடக்கிறாளா, உடனே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அவளுக்கு இந்தக் கதவு இன்னும் திறந்திருக்கலாம்.

சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு மூட்டைச் சுத்தம் செய்வதைப் பற்றியும் விசாரித்தேன். கிழிந்த சவ்வு போன்ற ஆரம்பக் கோளாறுகளுக்கு அது உதவும், முற்றிய தேய்மானத்துக்கு உதவாது. மூட்டையே அசையாமல் எலும்போடு சேர்த்து ஒட்டிவிடும் பழைய ஆபரேஷனும் உண்டு. வலி போகும், அசைவும் போகும், பாரம் முதுகுக்கும் முட்டிக்கும் மாறும். இப்போது அபூர்வம். பந்தை எடுத்துவிட்டு எதையும் வைக்காமல் விடுவது, கிருமி பிடித்த மூட்டுகளுக்குக் கடைசி வழியாக மிச்சமிருக்கிறது.

என் கொழுந்தனார் ஒரு நாள், "அண்ணி, எங்க மாமனாருக்குப் பாதி மூட்டுதான் மாத்துனாங்க, செலவும் கம்மி, நீங்களும் அதையே கேளுங்களேன்" என்றார். அவர் மாமனார் விழுந்து தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தவர். அவருடைய கிண்ணம் நன்றாக இருந்தது, பந்தை மட்டும் மாற்றினால் போதும். தேய்மானத்தில் கிண்ணமும் சேர்ந்து கெட்டிருக்கும். அதில் உலோகப் பந்தை மட்டும் வைத்தால் வலி தொடரும். செலவு குறைவு என்பதற்காக யாராவது இதைச் சொன்னால் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

பந்தை வெட்டி எடுக்காமல் அதன் மேல் உலோகத் தொப்பி போடும் ரீசர்ஃபேசிங் பற்றிப் பலர் கேட்டார்கள். 1990-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டெரெக் மெக்மின் என்ற சர்ஜன் பிரபலப்படுத்திய முறை. எலும்பு மிஞ்சும், ஓடியாடும் இளவயது ஆண்களுக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் உலோகத்தோடு உலோகம் உரசும்போது கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ஏ.எஸ்.ஆர். என்ற வகை மூட்டு சீக்கிரமே பழுதானதால் 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அதைப் பொருத்தியிருந்தார்கள். பந்தின் அளவு சிறியதாக இருப்பவர்களுக்குத் தோல்வி அதிகம் என்பதால், பர்மிங்ஹாம் வகையைப் பெண்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2015-ல் அதன் தயாரிப்பாளரே அறிவித்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மிஞ்சியது முழு மூட்டு மாற்று. ஜான் சார்ன்லி என்ற சர்ஜன் 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செய்து காட்டியதுதான் இன்றைய மூட்டுகளுக்கு அடிப்படை: சிறு உலோகப் பந்து, கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்பில் நிறுத்த அக்ரிலிக் சிமென்ட். அதற்கு முன் அவர் டெஃப்ளான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அது வேகமாகத் தேய்ந்து தோற்றுப்போன பிறகுதான் இந்தப் பிளாஸ்டிக்குக்கு வந்தார். 1990-களின் இறுதியில் இதே பிளாஸ்டிக்கைக் கதிர்வீச்சால் உறுதிப்படுத்தும் முறை வந்தது, தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. "பிளாஸ்டிக்கா? சீக்கிரம் தேஞ்சுடுமே" என்று சொல்பவர்கள் பழைய பிளாஸ்டிக்கை நினைத்துச் சொல்கிறார்கள்.

சிமென்ட் வைப்பதா, சிமென்ட் இல்லாமலா? சிமென்ட் என்றால் பழைய காலத்து மட்டமான முறை என்ற எண்ணம் நம் ஊரில் இருக்கிறது. அது சரியில்லை. எழுபது வயதைத் தாண்டி எலும்பு மெலிந்தவர்களுக்குச் சிமென்ட் வைத்த ஸ்டெம்தான், அதாவது தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டுதான், பாதுகாப்பு. இறுக்கி அடித்து வைக்கும் ஸ்டெம் அவர்களுடைய எலும்பில் விரிசல் விழவைக்கும் அபாயம் கூடுதல். சிமென்ட் வகைக்கு விலையும் குறைவு. எலும்பு திடமாக இருக்கும் வயதில், சொரசொரப்பான டைட்டானியத்தில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் சிமென்ட் இல்லாத வகையை வைக்கிறார்கள். எனக்கு அதுதான். ஸ்டெம்மின் மேல் செராமிக் பந்து, கிண்ணத்துக்குள் லைனர் என்ற பிளாஸ்டிக் உள்ளுறை. செராமிக்கோடு செராமிக் தேய்வது மிகக் குறைவு, ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வரும், அபூர்வமாக உடைவதும் உண்டு. என் கிண்ணம் ஆழமில்லாததால், வெட்டி எடுத்த என் பந்திலிருந்தே ஒரு துண்டு எலும்பைச் செதுக்கி, கூரைக்கு முட்டுக் கொடுத்துத் திருகினார்கள். பிறவிக் கோளாறு உள்ளவர்கள் சர்ஜனிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது இதைத்தான்: "இந்த மாதிரி ஆழமில்லாத கிண்ணத்துக்கு நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் முழங்கால் மாற்றுதான் ஏராளம். இடுப்பு அதை விடக் குறைவு. "வருஷத்துக்கு ஆயிரம் மூட்டு மாத்தறோம்" என்றால் அதில் இடுப்பு எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். முன்பக்கம் வெட்டுவதா பின்பக்கமா, ரோபோ இருக்கிறதா என்பதற்கெல்லாம் விளம்பரம் நிறைய. முன்பக்க முறையில் முதல் சில வாரங்கள் நடை சற்றுச் சீக்கிரம் திரும்பலாம், வருடம் ஒன்று கடந்தால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அவர் கைக்குப் பழகிய முறையில் செய்வதே நல்லது.

எத்தனை வருடம் வரும்? 2019-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்து ஓர் ஆய்வு வந்தது. முழு இடுப்பு மூட்டு மாற்றுகளில் 15 வருடத்தைத் தாண்டியவை சுமார் 89 சதவீதம், 25 வருடத்தைத் தாண்டியவை சுமார் 58 சதவீதம். அவை அந்தக் காலத்துப் பொருள்கள் என்பதை நினைவில் வையுங்கள். "பத்து வருஷம்தான் தாங்கும், அதனால முடிஞ்சவரை வலியைப் பொறுத்துக்கோ" என்ற பழைய பேச்சை நம்பி, வலி மாத்திரையைத் தின்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் படுத்திருந்த வார்டிலேயே பார்த்தேன்.

பணத்தைப் பற்றி ஒன்று. ஒரே ஆபரேஷனுக்கு ஊருக்குள்ளேயே மூன்று இடத்தில் மூன்று தொகை சொன்னார்கள். இம்பிளான்ட் விலை, அறை வாடகை, சர்ஜன் கட்டணம் என்று தனித்தனியாக எழுதிக் கேட்டபோதுதான் வித்தியாசம் எங்கே என்று தெரிந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். இடுப்பு மூட்டு மாற்றும் அதில் அடக்கம். அரசு மருத்துவமனைகளிலும் அந்த அட்டையில் செய்கிறார்கள். முன் அனுமதி வர நாளாகும், அதனால் ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு முன் என் பல் டாக்டரிடம் ஒரு சொத்தைப் பல்லை எடுக்க வேண்டியிருந்தது. வாயிலோ சிறுநீரிலோ தோலிலோ இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்காரலாம். நூற்றில் ஒருவருக்கு வருகிற பிரச்சினைதான், ஆனால் வந்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் தேதி கொடுக்கவே மாட்டேன் என்றார் டாக்டர். அது நல்ல அடையாளம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடுவார்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் பாட்டிலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டில் தொடையைச் சவரம் செய்துகொள்ள வேண்டாம். அந்தச் சிறு கீறல்களே கிருமிக்கு வழி.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். வலி துளியும் இல்லை, ஆனால் சுத்தியல் சத்தம் கேட்கும், உடம்பு அதிரும். பயமாக இருப்பவர்கள் தூங்க மருந்து கொடுக்கச் சொல்லலாம், தயக்கமே வேண்டாம். மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து நின்றேன். தையல் வலித்தது. பல வருடமாகக் கூடவே இருந்த அந்தப் பழைய வலியை மட்டும் காணோம். அதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கால் நீளமாகிவிட்டது போல முதல் சில வாரங்கள் தோன்றும். குட்டைக் காலுக்கே இடுப்பு பழகிப்போயிருந்ததால் வரும் உணர்வு அது. மற்ற காலுக்கு உடனே உயரச் செருப்பு வாங்கிவிடாதீர்கள், தசை தளர்ந்ததும் சமமாகும். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரை கொடுப்பார்கள், வலி இல்லை என்று அதை நிறுத்தக் கூடாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாவது, மூச்சு வாங்குவது, தையலில் நீர் கசிவது, இந்த மூன்றுக்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது கழிப்பறை. மேற்கத்திய கமோட் இருந்தாலும் அதன் மேல் உயரம் கூட்டும் வளையம் ஒன்று வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உட்காரலாம். முட்டியை விட இடுப்பு மேலே இருக்க வேண்டும். மாடிப்படியில் நல்ல கால் முதலில் ஏறும், ஆபரேஷன் கால் முதலில் இறங்கும். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில்.

தரையில் உட்காருவதைப் பற்றித்தான் நம் ஆட்களுக்குப் பெரிய கவலை. எனக்குப் பின்பக்கம் வெட்டிச் செய்தது. அதில் மூட்டு நழுவும் அபாயம், தொடை நன்றாக மடங்கி, உள்பக்கம் சாய்ந்து, உள்நோக்கித் திரும்பும்போதுதான். அப்படிப் பார்த்தால் சம்மணத்தை விட, கால்மேல் கால் போடுவதும், தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் குனிந்து எதையாவது எடுப்பதும் ஆபத்து. புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பக்கமாக உட்காருவதும் அந்த வகைதான்; அது கூடாது என்று டாக்டர் எனக்குத் தனியாகச் சொன்னார். சம்மணத்துக்குச் சில சர்ஜன்கள் சில மாதம் கழித்து அனுமதி கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை. கட்டாயம் தரையில் உட்கார்ந்து செய்யும் தொழில் என்றால் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள். சிறு பந்து பெரிய பந்துக்குள் சுழலும் இரட்டை அசைவு மூட்டு என்று ஒன்று பிரான்சில் 1970-களிலேயே வந்திருக்கிறது, நழுவுவது அதில் குறைவு. உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார்.

இப்போது நான் பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன், நின்று பாடம் நடத்துகிறேன், நகத்தை நானே வெட்டிக்கொள்கிறேன். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரேக்குப் போகிறேன். லைனர் தேய்வதோ மூட்டைச் சுற்றி எலும்பு கரைவதோ வெகுநாள் வரை வலிக்காது, படத்தில்தான் முதலில் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, பொருத்திய ஒவ்வொரு பாகத்தின் பெயர், அளவு, வரிசை எண் கொண்ட ஸ்டிக்கர்கள் ஒட்டிய தாளை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஏ.எஸ்.ஆர். திரும்பப் பெறப்பட்டபோது நம் நாட்டில் அதைப் பொருத்திக்கொண்ட பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. என் தாளின் நகல் ஒன்று மகளிடம் இருக்கிறது, படம் எடுத்து என் போனிலும் வைத்திருக்கிறேன்.